ஆங்கிலக் கூட்டுச்சொல்: அசை எங்கே பிரியும், அழுத்தம் எங்கே விழும்?

கேள்வி: வைகறை_07

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஆங்கில உச்சரிப்புப் பயிற்சித் தாள் ஒன்று தயாரிக்கிறேன். தனிச்சொற்களில் சிக்கல் இல்லை. கூட்டுச்சொல் வந்தால்தான் முட்டுகிறது.

முதலில், பிரிக்கும் இடம். சாலைப் பள்ளத்தைக் குறிக்கும் ‘பாட்ஹோல்’ என்ற சொல்லில் டி, எச் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் பிள்ளைகள் ‘பாதோல்’ என்று படிக்கிறார்கள். ‘ஹோம்வொர்க்’ நடுவில் வரும் ஈ எழுத்தையும் எண்ணி மூன்று அசை என்கிறார்கள்.

அடுத்தது அழுத்தம். ‘கூட்டுச்சொல்லில் முதல் பகுதிக்கே அழுத்தம்’ என்றுதான் பாடத்தில் சொல்கிறோம். ஆனால் ‘ஆப்பிள் பை’, ‘காட்டன் ஷர்ட்’ போன்றவற்றுக்கு அகராதி பின்பகுதியில் குறி போடுகிறது. இதற்கு விதி ஏதும் உண்டா, மனப்பாடம்தானா?

‘போலீஸ்மேன்’ சொல்லுக்கு முதல் அசையில் குறியிட்டால் மதிப்பெண் தரலாமா? யாப்பில் வரும் நேரசை, நிரையசையைக் காட்டி இதை விளக்கலாமா?

மறுமொழி 1: மருதநிலம்

யாப்பிலிருந்து தொடங்குகிறேன். அதைக் கலக்க வேண்டாம். யாப்பில் ‘மலர்’ ஒரே அசை, நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அதே சொல் இரண்டு அசை, ஏனென்றால் அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. ‘அசை’ என்ற பெயர் மட்டும்தான் பொது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தமிழ்ப் பாடத்தில் அலகிட்டுப் பழகிய பிள்ளைதான் இந்த இடத்தில் அதிகம் குழம்பும்.

அசைகளுக்கு இடையே புள்ளியும், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ குறியும் இடுகிறேன். குறி எப்போதும் அசைக்கு முன்னால்தான் வரும். பின்னால் வரும் என்று நினைத்துப் படித்தால் எல்லாம் ஓர் அசை தள்ளிப்போகும்.

பிரிக்கும் வரிசை இது. முதல் வெட்டு, இரண்டு சொல்லும் ஒட்டிய இடத்தில். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பகுதியையும் தனியாக அசை பிரிக்க வேண்டும். பிழைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால் வருபவை. பாட்ஹோல் என்பது பாட் + ஹோல். டி எழுத்து முதல் சொல்லுக்குச் சொந்தம், எச் இரண்டாவதற்குச் சொந்தம். அவை சேர்ந்து ‘த’ ஒலி தராது. ‘லூப்ஹோல்’ அப்படியே: பி, எச் சேர்ந்து ‘ஃப’ ஆகாது. ஆடு மேய்ப்பவரான ‘கோட்ஹெர்ட்’, கண்ணாடி வளர்ப்பகமான ‘ஹாட்ஹௌஸ்’, வெட்டுக்கிளியான ‘க்ராஸ்ஹாப்பர்’ எல்லாம் இதே கண்ணி. கடைசிச் சொல்லில் எஸ், எச் சேர்ந்து ‘ஷ’ போலத் தெரியும். ஒட்டிய இடத்தில் வெட்டினால் க்ராஸ்.ஹாப்.பர் என்று சுத்தமாகப் பிரியும்.

ஹோம்வொர்க்கும் இதே முறையில் தீர்ந்துவிடும். ‘ஹோம்’ தனியாக நிற்கும்போது கடைசி ஈ ஒலிக்காது. ஒட்டிய பிறகும் ஒலிக்காது. ஒய்ட்போர்ட் 2, டைப்ரைட்டர் 3, சம்வேர் 2. உயிரெழுத்துகளை மட்டும் எண்ணும் கணினிக் கருவிகளும் இந்த நடு ஈயில்தான் தடுக்கி ஓர் அசை கூட்டிவிடுகின்றன. அவற்றை வைத்து விடைக்குறிப்பு தயாரிக்காதீர்கள்.

எண்ணுவதற்கு நம் எழுத்தே நல்ல கருவி. சொல்லைக் கேட்ட ஒலிப்படி தமிழில் எழுதி, புள்ளி இல்லாத எழுத்துகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ப்ளாக்போர்ட்: ளா, போ, ஆக 2. பட்டர்ஃப்ளை: ப, ட, ளை, ஆக 3. வாட்டர்மெலன்: வா, ட, மெ, ல, ஆக 4. இரண்டு எச்சரிக்கைகள். ‘பிளாக்’ என்று எழுதினால் அந்த இகரம் நாம் சேர்த்தது, ஆங்கிலத்தில் கிடையாது. ‘ப்ளாக்’ என்றே எழுத வேண்டும். ‘ஹவுஸ்’ என்று எழுதினால் இரண்டாகத் தெரியும். அது ஒரே ஔகாரம், ‘ஹௌஸ்’ என்று எழுதினால் கணக்கு சரியாகும். ‘டவுன்’, ‘நியூஸ்’ இரண்டையும் டௌன், ந்யூஸ் என்று எழுதுங்கள்.

இதைவிட முக்கியமான இடம் வாய். வல்லின மெய்யில் சொல் முடிவது நமக்குப் பழக்கமில்லை, ஓர் உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸு, புக்கு. தனிச்சொல்லில் இது உறுத்தாது. கூட்டுச்சொல்லில் ஒட்டிய இடத்திலேயே உகரம் முளைத்து ‘புக்குஷெல்ஃபு’ ஆகிவிடும். இரண்டு அசை நான்காகிறது. ‘இஸ்கூல்பாய்’ என்று முன்னால் ஒரு இகரம் சேர்ந்தாலும் இதே கதைதான். தாளில் 2 என்று சரியாக எழுதும் பிள்ளை வாயால் 4 சொல்லும். அதைக் கவனியுங்கள்.

ஒட்டுத் தெரியாமல் தேய்ந்துபோன பழைய கூட்டுச்சொற்களைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். கப் + போர்ட் இன்று ˈக.பட், நடுவில் ‘ப்’ வல்லொலியே இல்லை. ப்ரேக் + ஃபாஸ்ட் இன்று ˈப்ரெக்.ஃபஸ்ட். ஷீப் + ஹெர்ட் இன்று ˈஷெ.பட், எச் ஒலிக்காது. ஹேண்ட் + கர்சீஃப் இன்று ˈஹேங்.கர்.சீஃப், டி போய்விட்டது, என் எழுத்து ‘ங்’ ஆகிவிட்டது. தமிழ்நாட்டுப் பேச்சில் முன்பகுதியே போய் ‘கர்சீப்’ மட்டும் நிற்கிறது.

தேர்வுத் தாளுக்கு ஒரு குறிப்பு. ‘ஃபயர்’, ‘ஃப்ளவர்’ இரண்டையும் ஓர் அசையாகவும் இரண்டாகவும் சொல்வார்கள். அதனால் ஃபயர்மேன், சன்ஃப்ளவர் போன்றவற்றை ‘எத்தனை அசை’ என்ற கேள்வியில் வைக்காதீர்கள், வீணான வாதம் வரும். சில அமெரிக்க அகராதிகள் தலைச்சொல்லில் இடும் புள்ளிகளும் அசைப் புள்ளிகள் அல்ல. வரி முடிவில் சொல்லை எங்கே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்லும் புள்ளிகள் அவை. ஓர் எழுத்தை மட்டும் வரியில் தனியாக விட மாட்டார்கள் என்பதால் ‘அபௌட்’ சொல்லில் புள்ளியே இருக்காது. அசை இரண்டுதான். அசையை உச்சரிப்புக் குறியில் பாருங்கள், தலைச்சொல்லில் அல்ல.

மறுமொழி 2: தென்கரை

அழுத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மீதிக்கு வேற்றுமை உருபு போதும், அது உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

‘எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய’ என்கிறது தொல்காப்பியம். தொகையாகிவிட்டால் இரண்டு சொல் இருந்தாலும் ஒரு சொல் போல நடக்கும். ஆங்கிலத்தில் அந்த ‘ஒருசொல் நடை’ காதுக்குத் தெரிவது அழுத்தத்தால். இரண்டு சொல்லுக்கும் சேர்த்து முன்பகுதியில் ஒரே முதன்மை அழுத்தம் விழும். தொகையாகாமல் தொடராக நின்றால் முதன்மை அழுத்தம் பின்சொல்லுக்குப் போகும்.

நமக்கு இந்த வேலையைச் சந்தி செய்கிறது. ‘கீரை கடை’ என்றால் கீரையை மத்தால் கடைவது. ‘கீரைக்கடை’ என்றால் கீரை விற்கும் கடை. ஒரு ‘க்’ பொருளையே மாற்றுகிறது. ஆங்கிலத்தில் அந்த ‘க்’ கிடையாது, அழுத்தம்தான் ‘க்’. அதைத் தவறவிட்டால் கேட்பவருக்கு வேறு பொருள் போய்ச் சேரும்.

இனி சோதனை. தொகையை விரித்து, எந்த உருபு வருகிறது என்று பாருங்கள்.

‘ஐ’ வந்தால் முன்பகுதி. பேருந்தை ஓட்டுபவர்: ˈபஸ் ட்ரைவர். திருகாணியை முடுக்குவது: ˈஸ்க்ரூ.ட்ரை.வர்.

‘கு’ (அதற்கான) வந்தால் முன்பகுதி. தேநீருக்கான கோப்பை: ˈடீ.கப். துவைப்பதற்கான எந்திரம்: ˈவாஷிங் மெஷின். நடப்பதற்கான கோல்: ˈவாக்கிங் ஸ்டிக்.

‘ஆல்’ (அதனால் ஆன) வந்தால் பின்பகுதி. பருத்தியால் ஆன சட்டை: காட்டன் ˈஷர்ட். தாளால் ஆன பை: பேப்பர் ˈபேக். ஆனால் தாளுக்கான கிளிப் என்பதால் ˈபேப்பர் க்ளிப். முன்பகுதி ஒரே சொல்தான், உருபு மாறியதும் அழுத்தம் இடம் மாறுகிறது. இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

‘இல்’ (இடம், காலம்) வந்தால் பெரும்பாலும் பின்பகுதி. சமையலறையில் உள்ள தொட்டி: கிச்சன் ˈசிங்க். திங்களன்று காலை: மண்டே ˈமார்னிங்.

‘ஆகிய’, ‘ஆன’ என்ற பண்பு விரிந்தாலும், ‘ஓடும்’ போன்ற பெயரெச்சம் விரிந்தாலும் பின்பகுதி. ஓடும் நீர்: ரன்னிங் ˈவாட்டர். வாக்கிங் ஸ்டிக் நடக்கும் குச்சி அல்ல, நடப்பதற்கான குச்சி. அதனால்தான் இரண்டிலும் ‘-இங்’ இருந்தும் அழுத்தம் வேறு வேறு இடத்தில்.

சோதனையின் கூர்மை ஒரே எழுத்து வடிவம் இரு பொருள் தரும் இடத்தில் தெரியும். ஆங்கிலத்தைக் கற்பிப்பவர் என்றால் ˈஇங்க்லிஷ் டீச்சர். ஆங்கிலேயராகிய ஆசிரியர் என்றால் இங்க்லிஷ் ˈடீச்சர், அவர் கணக்குக்கூடக் கற்பிக்கலாம். பொம்மையைச் செய்யும் ஆலை ˈடாய் ஃபேக்டரி. குழந்தை விளையாடும், பொம்மையாகிய ஆலை டாய் ˈஃபேக்டரி.

உங்கள் போலீஸ்மேனுக்கு வருகிறேன். மதிப்பெண் தர வேண்டாம். ‘முன்பகுதிக்கு அழுத்தம்’ என்றால் முன்பகுதியின் முதல் அசைக்கு என்று பொருள் இல்லை. அந்தச் சொல் தனியாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் விழுமோ அதே அசைக்கு. பொˈலீஸ் என்பதால் பொˈலீஸ்மன். ஹோˈடெல் ரூம், கம்ˈப்யூட்டர் கேம் இரண்டும் அப்படியே. விதியைப் பாதி சொல்லிக்கொடுப்பதால் வரும் பிழை இது. விதியோடு இந்த ஒரு வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொன்று. அங்கே ‘மேன்’ இல்லை, ‘மன்’. போஸ்ட்மன், பொலீஸ்மன் ஆகியவற்றில் பின்பகுதி உயிர் தேய்ந்துவிட்டது. பனிப்பொம்மையான ஸ்நோமேனில் தேயவில்லை. இங்க்லண்ட், ஸ்காட்லண்ட் தேய்ந்தவை, வொண்டர்லேண்ட் தேயாதது. ஆனால் ப்ளாக்போர்டில் ‘போர்ட்’ தேயக்கூடாது. அழுத்தம் இல்லை என்பதற்காக அதை ‘பட்’ ஆக்கிவிடாதீர்கள். உயிர் முழுசாக நிற்கும், சுருதி மட்டும் இறங்கியிருக்கும்.

வைகறை_07

வேற்றுமைச் சோதனையை ஒரு பட்டியலில் வைத்துப் பார்த்தேன், பெரும்பாலும் பொருந்துகிறது. இரண்டு இடத்தில் உதைக்கிறது. ‘ப்ளாக்பேர்ட்’ விரித்தால் கருமையான பறவை, பண்புத்தொகை. உங்கள் கணக்குப்படி பின்பகுதியில் விழ வேண்டும், அகராதியில் முன்பகுதி. ‘ஆப்பிள் பை’ பின்பகுதி, ‘ஆப்பிள் கேக்’ முன்பகுதி. இரண்டுமே ஆப்பிளால் ஆனவைதானே?

மறுமொழி 3: குறிஞ்சி_மலை

ப்ளாக்பேர்ட் கருமையான பறவை அல்ல. அங்கேதான் விடை இருக்கிறது. அது ஐரோப்பாவில் உள்ள ஒரு பாடும் பறவையினத்தின் பெயர். ஆண் கறுப்பு, பெண் பழுப்பு. பழுப்பு நிறப் பெண்பறவையும் ˈப்ளாக்.பேர்ட் தான். காகம் கன்னங்கரேல் என்றிருந்தாலும் அது வெறும் ப்ளாக் ˈபேர்ட். பண்பைச் சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு வகையின் பெயராகிவிட்டால் அழுத்தம் முன்பகுதிக்கு வந்துவிடும். கண்ணாடிக் கூரையின் கீழ் செடி வளர்க்கும் இடம் ˈக்ரீன்.ஹௌஸ், பச்சை வண்ணம் பூசிய வீடு க்ரீன் ˈஹௌஸ். அமெரிக்க அதிபர் இருப்பது ˈஒய்ட் ஹௌஸ், சுண்ணாம்பு அடித்த எந்த வீடும் ஒய்ட் ˈஹௌஸ். படம் கழுவும் இருட்டறை ˈடார்க்.ரூம், விளக்கு எரியாத அறை டார்க் ˈரூம்.

எனவே தென்கரை தந்த சோதனைக்கு முன்னால் ஒரு கேள்வி வேண்டும்: இந்தச் சொல் இன்னும் அந்தப் பண்பையோ பொருளையோ சொல்கிறதா, வெறும் பெயராகிவிட்டதா? பண்பு, மூலப்பொருள் இரண்டுக்கும் இது பொருந்தும். பனியால் ஆனதுதான், ஆனாலும் ˈஸ்நோ.பால், ˈஸ்நோ.மேன்.

ஆப்பிள் விஷயம் வேறு. பின்பகுதியில் கேக், ஜூஸ் என்று வந்தால் மூலப்பொருள் விதி வேலை செய்யாது: ˈஆப்பிள் கேக், ˈஆரஞ்சு ஜூஸ். பை, புடிங் என்று வந்தால் விதிப்படி: ஆப்பிள் ˈபை, கிறிஸ்மஸ் ˈபுடிங். ஆனால் ˈகிறிஸ்மஸ் கேக். இதற்கு விதி தேடி நேரம் போக்காதீர்கள், சில பின்சொற்கள் பிறவியிலேயே அழுத்தம் வாங்காதவை. தெருப் பெயரில் இது அப்பட்டம். ‘ஸ்ட்ரீட்’ ஒருபோதும் வாங்காது: ˈஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட், ˈடௌனிங் ஸ்ட்ரீட், ˈவால் ஸ்ட்ரீட். ‘ரோட்’, ‘அவென்யூ’, ‘பார்க்’ எப்போதும் வாங்கும்: ஃபிஃப்த் ˈஅவென்யூ, ஹைட் ˈபார்க். சென்னை அண்ணா சாலையின் பழைய பெயரைச் சொன்னாலும் மௌண்ட் ˈரோட்தான். பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள், தாளில் இதற்கு ஒரு பகுதி வையுங்கள்.

இரண்டு சொல்லாக எழுதுகிறோமா, ஒன்றாக எழுதுகிறோமா, நடுவில் சிறுகோடு இருக்கிறதா என்பதை வைத்து அழுத்தத்தை முடிவு செய்யக்கூடாது. ˈபோஸ்ட் ஆஃபீஸ் இரண்டு சொல்லாக எழுதப்படுகிறது, ˈபோஸ்ட்மன் ஒன்றாக. அழுத்தம் இரண்டிலும் ஒரே இடம்.

பெயர்ச்சொல் அல்லாத கூட்டுச்சொற்களையும் மறக்க வேண்டாம். ஓல்ட்-ˈஃபேஷன்ட், பேட்-ˈடெம்பர்ட், செகண்ட்-ˈஹேண்ட் போன்ற பெயரடைகளிலும் டௌன்ˈஸ்டேர்ஸ், இன்ˈசைட் போன்ற வினையடைகளிலும் பின்பகுதி. மைˈசெல்ஃப், ஹிம்ˈசெல்ஃப் பின்பகுதி, ஆனால் ˈஎவ்ரிபாடி, ˈசம்வன் முன்பகுதி. வினையாக இருந்தால் டேக் ˈஆஃப், பெயராகிவிட்டால் ˈடேக்.ஆஃப். வழிப்போக்கரைக் குறிக்கும் பாஸர்-ˈபை பெயராகியும் பின்பகுதியிலேயே நிற்கிறது, அதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

செகண்ட்-ˈஹேண்ட் போன்றவற்றில் ஒரு நகர்வும் உண்டு. பின்னால் அழுத்தமுள்ள பெயர் வந்தால் குறி முன்னே ஓடிவிடும்: ˈசெகண்ட்-ஹேண்ட் ˈகார். தர்ˈட்டீன் தனியாக, ˈதர்ட்டீன் ˈபாய்ஸ் சேர்ந்து வரும்போது. இரண்டு பலத்த அழுத்தம் ஒன்றையொன்று உரசுவதை ஆங்கிலம் விரும்பாது. அகராதியில் பின்பகுதிக் குறியும் வாக்கியத்தில் முன்பகுதி ஒலியும் வந்தால் அகராதி தவறு என்று எண்ண வேண்டாம்.

‘வீக்கெண்ட்’ சொல்லைத் தேர்வில் கேட்காதீர்கள். பிரிட்டனில் பின்பகுதி, அமெரிக்காவில் முன்பகுதி. ‘ஐஸ் க்ரீம்’ பிரிட்டனுக்குள்ளேயே இரண்டு விதம்.

மறுமொழி 4: மருதநிலம்

மூன்று சொல் சேரும்போது வருவதை யாரும் தொடவில்லை. முறை இதுதான்: எந்த இரண்டு முதலில் ஒட்டுகின்றன என்று பார்த்து உள்ளிருந்து வெளியே வாருங்கள். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்பவர்: (லைட்ஹௌஸ்) + கீப்பர், எனவே ˈலைட்ஹௌஸ் கீப்பர். உடல் எடை குறைந்த, வீட்டைக் கவனிக்கும் பணியாள்: லைட் + (ஹௌஸ்கீப்பர்), எனவே லைட் ˈஹௌஸ்கீப்பர். ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையைக் குறிக்கும் ‘ஹாட் வாட்டர் பாட்டில்’ இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே இருப்பது சூடான நீர், பண்பு, எனவே ஹாட் ˈவாட்டர். அதற்கான பாட்டில், ‘கு’ உருபு, எனவே முன்பகுதி வெல்ல வேண்டும். முன்பகுதி இப்போது ‘ஹாட் வாட்டர்’ முழுவதும், அதன் அழுத்தம் வாட்டரில். விடை: ஹாட் ˈவாட்டர் பாட்டில். நடுச்சொல்லில் ஏன் விழுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இரண்டே அடியில் காட்டிவிடலாம்.

பிரிக்கும் இடம் காதுக்கும் தெரியும் என்பதற்கு ஒரு சோடி. பட்டாணித் தண்டுகள் பீ.ஸ்டாக்ஸ், சமாதானப் பேச்சு பீஸ்.டாக்ஸ். ஒலிகள் ஒன்றே, வரிசையும் ஒன்றே. முதலாவதில் ‘பீ’ நீளும், டி காற்றில்லாமல் வரும். இரண்டாவதில் ‘பீ’ குறுகும், டி மூச்சுக்காற்றோடு வெடிக்கும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டு மெல்லிய தாளைத் தொங்கவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவதில் மட்டும் தாள் ஆட வேண்டும்.

மறுமொழி 5: தென்கரை

குறிஞ்சி_மலை சொன்ன திருத்தம் சரி, ‘பெயராகிவிட்டதா’ என்ற கேள்வியை முதலில் வைக்க வேண்டும்.

பயிற்சி நடத்தும் விதம் பற்றி ஒன்று. அழுத்தம் என்றதும் பிள்ளைகள் உரக்கக் கத்துவார்கள். கத்தினால் ‘ப்ளாக்’, ‘போர்ட்’ இரண்டுமே பலமாக வரும், வேறுபாடு அழிந்துபோகும். சொல்லை விட்டுவிட்டு முதலில் மூடிய வாயால் முனகச் சொல்லுங்கள். ˈப்ளாக்போர்டுக்கு முதல் ‘ம்’ மேலே, கொஞ்சம் நீளமாக, இரண்டாவது ‘ம்’ கீழே. ப்ளாக் ˈபோர்டுக்கு (கறுப்பு நிறப் பலகை எதுவானாலும்) முதலாவது நடுவில் நிற்கும், இரண்டாவது மேலே தொடங்கி வழுக்கி இறங்கும். முனகல் பிடிபட்ட பிறகு அதே சுருதியில் சொல்லை ஏற்றுங்கள். இரண்டு வடிவத்தையும் மாற்றி மாற்றி நீங்கள் சொல்ல, அவர்கள் ‘கீரைக்கடை’ அல்லது ‘கீரை கடை’ என்று பதில் சொல்லட்டும். காதில் பிரிந்து விழாதது வாயில் பிரிந்து வராது, அதனால் முதல் வகுப்பு முழுவதும் கேட்பதற்கே ஒதுக்குங்கள்.

தாளில் இருபது சொல் வைத்தால் ஏழெட்டு பின்பகுதிச் சொற்களாக இருக்கட்டும். எல்லாமே முன்பகுதியாக இருந்தால் பிள்ளை யோசிக்காமல் முதல் அசையில் குறி போட்டுக்கொண்டே போகும். பொˈலீஸ்மன், ஹோˈடெல் ரூம் இரண்டையும் கட்டாயம் சேருங்கள்.